பலகையில் ஏறிய பெயர்

கள்ளரைப் பிடிக்கிற வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள். நானும் பிடித்தேன். திறமாகவே பிடித்தேன். அதில் எனக்குப் பொய்யடக்கம் ஒன்றும் கிடையாது.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. படுவான்கரைச் சனம் ஷெல்லடிக்குத் தப்பி, வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்து, பள்ளிக்கூடங்களிலும் கோயில் வளவுகளிலும் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது. அவர்களுக்கு அரிசியும் மாவும் பருப்பும் கொடுக்க ஒரு வெளிநாட்டு நிறுவனம் கல்லடியில் வீடொன்றை வாடகைக்கு எடுத்து அலுவலகம் திறந்தது. வயலுக்குப் போக முடியாமற்போன ஏறாவூர் முஸ்லிம் குடும்பங்களுக்கும் அங்கேதான் அட்டை. ஒரே ஆள் இரண்டு இடத்தில் பதிந்து இரண்டு பங்கு எடுக்கிறார் என்று கொழும்புக்கு முறைப்பாடு போனது. உடனே கணினி வந்தது, விரல் ரேகை எடுக்கிற கண்ணாடி வந்தது, அவற்றோடு நானும் வந்தேன். வங்கியில் ஒன்பது வருடம் கையெழுத்துச் சரிபார்த்தவன். சந்தேகப்படுவது எனக்குக் கைவந்த கலை.

முறை இதுதான். அட்டையில் பெயர் உள்ள பெரியவர்கள் எல்லோரும் வலது பெருவிரலைக் கண்ணாடியில் வைக்க வேண்டும். வியாழக்கிழமை தோறும் கணினி எல்லா விரல்களையும் ஒப்பிட்டு, இரண்டு பெயரில் ஒரே விரல் இருந்தால் சிவப்பு வரியில் காட்டும். மாலை ஐந்து மணிக்கு அந்தப் பட்டியல் தானாகவே கொழும்புக்குப் போய்விடும். மறுநாள் காலையில் அதை முகாம் வாசலில் ஒட்டவேண்டும் என்ற யோசனை என்னுடையது. பெயர், வயது, இரண்டு விலாசம், எல்லாம் பெரிய எழுத்தில். பிடிபட்ட குடும்பத்துக்கு மூன்று மாதம் பங்கு கிடையாது.

“பேர் பலகையில ஏறினா வெக்கத்திலயே அடங்கிருவாங்க” என்று எங்கள் பொறுப்பாளர் வினாயகமூர்த்தியிடம் வாதாடி வென்றேன்.

அதோடு விட்டேனா? ரேகை தெளிவில்லாதவர்களுக்கு மறுபதிவு உண்டு. ஆனால் ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான் என்று மட்டுப்படுத்தியதும் நான். ஊழியர்கள் தங்கள் விரலை வைத்து இல்லாத ஆட்களுக்கு அரிசி எடுத்துவிடக் கூடாதென்று, எங்கள் எல்லோருடைய பத்து விரலையும் கணினிக்குள் ஏற்ற வைத்ததும் நானேதான். காவலாளி சீனித்தம்பி அன்றைக்கு என்னைத் திட்டியது காதில் விழுந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு மாதத்தில் அறுபத்தொரு பேரைப் பிடித்தேன். முகாம்களில் என்னை ‘விரல் சேர்’ என்றுதான் சொல்வார்கள். அருமைநாயகம் என்ற என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

வைகாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. முற்பகல் பதினொரு மணிக்குத் திரையில் ஐந்து சிவப்பு வரிகள் விழுந்தன. நாலும் வழமையான கள்ளம். ஐந்தாவதைப் பார்த்து நான் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டேன். சித்தாண்டி முகாம், புஸ்பத்தின் மகள் சுதாஜினி, வயது பதினேழு. அதே விரல், ஏறாவூர், கைறுன்னிஸாவின் மகள் பரீனா, வயது பதினேழு.

தமிழ்ப் பிள்ளைக்கு முஸ்லிம் பெயரும் வைத்து இரண்டு ஊரில் அரிசி! இப்படியொரு துணிச்சலை நான் அதுவரை கண்டதில்லை. கைறுன்னிஸாவை எனக்கு நல்ல ஞாபகம். இந்தக் கிழமைதான் அந்தப் பிள்ளையைப் பதிய வந்தாள். “உங்கட மகளா?” என்று கேட்டேன். “எண்ட பால் குடிச்ச புள்ள” என்று சொல்லிப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை நீட்டினாள். நான் ‘மகள்’ என்று தட்டினேன். என்னையே ஏமாற்றியிருக்கிறாள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பட்டியல் போகுமுன் ஆளை நேரில் பிடித்து நாலு கேள்வி கேட்பது என் வழக்கம். அதற்கு அவசியமில்லை, ஆனால் அதில் ஒரு ருசி இருந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து புறப்பட்டேன்.

ஏறாவூரில் கைறுன்னிஸாவின் வீடு பிரதான வீதியிலிருந்து இரண்டாவது ஒழுங்கையில். விறாந்தையில் கைத்தறி போட்டிருந்தது. முக்காடு போட்ட ஒரு பெண்பிள்ளை தறியில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே போய்விட்டாள்.

“பரீனா எங்க?” என்றேன்.

“இப்ப உள்ளுக்குப் போனாளே, சேர்.” கைறுன்னிஸா ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“அவள் பரீனா இல்ல. சித்தாண்டிப் புஸ்பத்திட மகள். ரெண்டு இடத்தில விரல் வெச்சிருக்கிறாள்.”

அவள் போய்ப் படலையைச் சாத்திவிட்டு வந்தாள். “மெல்லப் பேசுங்க சேர்.”

“நான் ஏன் மெல்லப் பேச? களவெடுத்தது நானா?”

“நான் பொய் ஒண்டும் சொல்லல்ல. தொண்ணூறாம் ஆண்டு மாசி மாசம், ஆசுபத்திரியில எனக்கும் புஸ்பத்துக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவளுக்குக் காய்ச்சல், நினைவில்ல. பதினொரு நாள் ரெண்டு புள்ளைக்கும் நான்தான் பால் குடுத்த. எங்கட மார்க்கத்தில பால் குடுத்தா அது நம்மட புள்ள. எண்ட மகனுக்கு அவள முடிச்சுக் குடுக்கவும் ஏலாது. அவனுக்கு அவள் தங்கச்சி.”

“அப்ப உண்மையான பரீனா?”

“மௌத்தாப் பெய்த்தா, நாலு வயசில.” குரல் மாறவில்லை. “மரணப் பதிவு போட எங்களுக்கு மனம் வரல்ல. பேர்ப்பதிவு பெட்டிக்குள்ள கிடந்திச்சு. பேர்தான் அவள்ட. பால் ரெண்டு பேருக்கும் ஒண்டுதான்.”

“அந்தப் பேரில அரிசி எடுக்கலாமெண்டு யோசிச்சீங்க.”

“அரிசிக்கு இல்ல சேர். மத்தத நான் சொல்ல ஏலாது. அது புஸ்பத்திட புள்ளைட உசிரு. அவளுக்கிட்டக் கேளுங்க.”

அவள் அழுது காலில் விழுந்திருந்தால் எனக்குச் சந்தோசமாக இருந்திருக்கும். அப்படிச் செய்யாததால் இன்னும் கோபம் வந்தது. அந்த மாசிக்குப் பிறகு அதே வருடத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் என்னென்னவோ நடந்தது. இந்த இரண்டு பெண்களுக்கு இடையில் ஒன்றும் நடக்கவில்லை. அது எவ்வளவு பெரிய காரியமென்று அப்போது நான் யோசிக்கவில்லை. நாளைக்குப் பலகையில் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுச் சித்தாண்டிக்கு விட்டேன்.

முகாம் வாசலில் இலக்கத் தகடு இல்லாத ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதன்மேல் சாய்ந்தபடி ஒருவன் என் போன கிழமைப் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தான். என் எழுத்தை ஒருவர் இவ்வளவு கவனமாக வாசிக்கிறாரே என்று அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சின்னச் சந்தோசப் புளுகம்.

புஸ்பம் தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் இருந்து ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். புருசன் ஷெல்லில் போனவன். அவளும் மூன்று பிள்ளைகளுமாக நாலு பெயர் அட்டையில்.

“புஸ்பம், உங்கட மூத்தவள் எங்க?” வேண்டுமென்றே பலத்துக் கேட்டேன். அக்கம்பக்கத்துக்கும் கேட்க வேண்டும்.

“உள்ளுக்குப் படுத்திருக்கிறாள் சேர். வருத்தம்.”

“பொய். இப்பதான் அவளை நான் ஏறா...”

மாவோடு கிடந்த கையால் என் வாயைப் பொத்திவிட்டாள். அன்றுவரை ‘சேர்’ என்பதற்கு மேல் ஒரு சொல் என்னோடு பேசியறியாதவள். என் பல்லிலும் மீசையிலும் கோதுமை மா. கையைத் தட்டிவிட்டு அடிக்கவே போயிருப்பேன். ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணைக் கண்டு என் கை இறங்கிவிட்டது.

என்னைக் கொட்டிலுக்குள் இழுத்தாள். உள்ளே பாயில் ஒருவரும் இல்லை. ஒரு தலையணைக்கு மேலே சீலை போர்த்துக் கிடந்தது.

“சண்டைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் தரவேணுமாம் சேர், வாசலில நிக்கிறவன்ட ஆக்களுக்கு” என்றாள், மூச்சுக்குள். “பக்கத்துக் கொட்டில் புள்ளையைக் கொண்டுபோயிட்டாங்க. மறுகா என்னட்ட வந்து, அடுத்தது உண்ட மகள் எண்டாங்க. நான் வைக்கல் ஏத்தின உழவு மெசின் பெட்டிக்குள்ள ஒளிச்சு அக்காட்ட அனுப்பிட்டன். கைறுன்னிஸா அக்காட்ட.”

“அப்ப இஞ்ச ஏன் பேரை வெட்டல்ல?”

“வெட்டினா எங்க போனாளெண்டு கேப்பாங்களே. பேர் இருந்தா, உள்ளுக்கு வருத்தமாக் கிடக்கிறாளெண்டு சொல்லலாம். அங்க ஆமி வீட்டுச் சோதனைக்கு வந்தா, அட்டையில இல்லாத புள்ளை ஆரெண்டு கேப்பாங்க. அதுக்குத்தான் அக்கா தன்ட புள்ளைட பேரில ஏத்தின. அரிசி எங்களுக்கு வேணா சேர். மூணு மாசம் வெட்டுங்க, வருசம் முழுக்க வெட்டுங்க. பலகையில மட்டும் போட்டுராதீங்க. அதில ரெண்டு விலாசமும் வரும்.”

“பலகையை அவங்கள் என்னத்துக்குப் பாக்கப் போறாங்கள்?” என்றேன். கேட்கும்போதே வாசலில் நின்றவனுடைய விரல் ஞாபகம் வந்தது.

“கந்தப்போடிட மகன் உங்கட லிஸ்டில வந்தானே. அவனை எந்த வீட்டில வெச்சுப் பிடிச்சாங்கள் எண்டு தெரியுமா சேர்? நீங்க ரெண்டாவதா எழுதின வீட்டில.”

கந்தப்போடியின் மகன் என் கணக்கில் நாற்பத்து நாலாவது ஆள். சின்னம்மா வீட்டிலும் பதிந்திருந்தான். அவனைப் பிடித்த அன்று வினாயகமூர்த்தி எனக்குக் கைகொடுத்தார். அவனைக் காணவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அரிசி களவெடுத்தவன் வெட்கத்தில் ஊரைவிட்டுப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவனுக்குப் பாதுகாப்பாக இருந்த ஒரே வீட்டின் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியவன் நான்.

மணி இரண்டரை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வாக்கும் கொடுக்காமல் எழும்பினேன். கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

வாசலில் நின்றவன் சிரித்தான். “சேர், நாளைக்கு லிஸ்ட் வருமா?”

“வரும்.”

“நல்ல வேலை சேர். எங்களுக்குப் பெரிய உதவி. இந்த முகாமில ஆரும் மாட்டியிருக்கா?”

“அஞ்சு மணிக்குத்தான் தெரியும்” என்றேன். அது பொய்யில்லை.

“மீசையில மா, சேர்.”

துடைத்துக்கொண்டு சைக்கிளை உதைத்தேன். நூறு யார் தூரம் போவதற்குள் பின்னால் அவனுடைய சத்தம் கேட்டது. நான் வேகத்தைக் கூட்டினால் அவனும் கூட்டினான், குறைத்தால் குறைத்தான். ஏறாவூர் வந்தது. இரண்டாவது ஒழுங்கையைத் தாண்டும்போது கழுத்தைத் திருப்பாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தறிச் சத்தம் கேட்பதுபோல இருந்தது. அந்தத் தூரத்துக்கு அது கேட்காது. சந்தியில் அவன் நிறுத்தி, தொலைபேசியைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வரவில்லை.

சோதனைச் சாவடிகளில் இறக்கி ஏற்றி, கல்லடிப் பாலத்தில் வரிசையில் நின்று, அலுவலகத்துக்கு வந்து சேர நாலு முப்பத்தைந்து. வினாயகமூர்த்தி பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு வரியை மட்டும் நிப்பாட்டலாமா?” என்றேன்.

“ஏன்?”

காரணம் சொன்னால், உண்மையா என்று அவர் நாலு பேரிடம் விசாரிப்பார். அந்த நாலு பேரும் யாரிடம் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. “சும்மா, ஒரு சந்தேகம்” என்றேன்.

“ஒண்டை நிப்பாட்டினா மத்ததை ஏன் நிப்பாட்டல்ல எண்டு கொழும்பு கேக்கும். நீர்தானே ஐசே இந்தச் சட்டமெல்லாம் போட்ட நீர்?” சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் கணினிக்கு முன்னால் இருந்தேன். பெயரை அழிக்கக் கொழும்பின் அனுமதி வேண்டும். அறிவித்தலை ஒட்டாமல் விட்டால் கொழும்பே இன்னொருவரை வைத்து ஒட்டும். மிஞ்சியது மறுபதிவுதான். சுதாஜினியின் பெயரில் வேறொரு விரல் ஏறினால் சிவப்பு வரி அழிந்துபோகும். அந்த வேறு விரலுக்கு எங்கே போவது? சீனித்தம்பியின் விரல்கள் உள்ளே இருக்கின்றன. வைத்தால் அடுத்த கிழமை அந்த மனுசன் கள்ளனாவான். தெருவை எட்டிப் பார்த்தேன். தேத்தண்ணிக் கடை பூட்டிக் கிடந்தது. இரண்டு ஆமிக்காரர் ரோந்து போனார்கள். வேறு ஒரு சனமில்லை.

நாலு ஐம்பத்திரண்டு. என் கைகளை விரித்துப் பார்த்தேன். பத்து விரலும் நானே கணினிக்குள் ஏற்றியவை. இதில் எதை வைத்தாலும் இன்றைக்குத் தெரியாது. அடுத்த வியாழன் கணினி எல்லா விரல்களையும் மறுபடி ஒப்பிடும்போது என்னைப் பிடித்துவிடும். அதற்குள் மாற்றவும் முடியாது. மறுபதிவு ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான். போட்ட பூட்டெல்லாம் நான் போட்டவை. என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. என்னைவிட மடையனாக ஒருவன் இந்த வேலைக்கு வந்திருந்தால் ஏதாவது ஓட்டை விட்டிருப்பான்.

பயமாகத்தான் இருந்தது. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். கள்ளன் என்ற பெயரோடு கல்லடியில் நடமாடுவது எப்படியென்று யோசித்தேன். பிறகு கந்தப்போடியின் மகனை யோசித்தேன். வலது பெருவிரலைக் கண்ணாடியில் வைத்தேன். வியர்வையில் முதல் தடவை எடுக்கவில்லை. சாரத்துண்டு ஒன்றால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். ‘பதிவு ஏற்கப்பட்டது.’ ஐந்தாவது வரி அழிந்தது. ஐந்து மணிக்கு நாலு வரிகளோடு பட்டியல் கொழும்புக்குப் போனது.

மறுநாள் அதை ஒட்டினேன். மோட்டார் சைக்கிள்காரன் வந்து வாசித்தான், சித்தாண்டிப் பெயர் ஒன்றுமில்லை என்று கண்டு உதட்டைப் பிதுக்கினான். அந்த ஒரு கிழமையும் நான் சோறு தின்றேனா என்று என் மனைவியிடம்தான் கேட்கவேண்டும்.

அடுத்த வியாழன் ஒரேயொரு சிவப்பு வரி. வினாயகமூர்த்தி அதை இரண்டு தடவை வாசித்தார்.

“இது பிழையாத்தானே இருக்கும்?”

“இல்ல. நான்தான்.”

“என்னத்துக்கு ஐசே?”

“அரிசிக்கு.”

“ஒரு ஆள்ட பங்கு அரிசிக்கா? நீரா?” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஊழியர் செய்த களவுக்குக் குடும்பத்தின் அட்டையை வெட்டக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. நான் போட்ட விதிகளில் உருப்படியானது அது ஒன்றுதான். என் வேலை அந்த இடத்திலேயே முடிந்தது. பட்டியலை ஒட்டச் சீனித்தம்பியை அனுப்பப் போனார். நானே ஒட்டிவிட்டுப் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தத் தாளுக்கு முன்னால் புஸ்பம் தனியே நிற்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை பசையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே அந்த மோட்டார் சைக்கிள்காரன் பின்னால் வந்து நின்றான். உரத்து வாசித்தான். “சுதாஜினி, சித்தாண்டி முகாம். அருமைநாயகம், ஊழியர், கல்லடி.” பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். “இஞ்ச வாங்க எல்லாரும்! விரல் சேரே கள்ளனாம்!”

சனம் கூடியது. நான் பிடித்தவர்கள் பலர் அதில் நின்றார்கள். ஒருவர் காறித் துப்பினார். புஸ்பம் பின்னாலிருந்து வந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, யாரோ சொன்னார்கள். அவள் பலகையைப் பார்த்தாள், என் பெருவிரலைப் பார்த்தாள். விளங்கிக்கொண்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினான். “அப்ப உண்ட மகள் எங்க? வருத்தமெண்டாய்?”

புஸ்பம் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி என் முகத்தில் எறிந்தாள்.

“அறுவானே! எண்ட புள்ளையை வயசைக் கூட்டிப்போட்டுக் குவைத்துக்கு அனுப்பி ரெண்டு மாசம்! பேரை வெட்டச் சொல்லி உன்னட்டத்தானே வந்தன்! வெட்டிட்டன் எண்டு சொல்லிப்போட்டு அவள்ட அரிசியை நீயா தின்ட நீ?” அவள் கண்ணால் தண்ணீர் ஓடியது. “தம்பி, உங்களுக்குப் பயந்து வருத்தமெண்டு சொன்னன். நீங்க போய்ப் பாருங்க, உள்ளுக்கு ஒருத்தருமில்ல. இந்தக் கள்ளனைக் கேளுங்க!”

அவன் என்னிடம் வந்தான். மிகக் கிட்ட வந்தான். “உண்மையா?”

கண்ணுக்குள் மண். அவன் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. “ஓம்” என்றேன். “ரெண்டு மாசத்துக்கு முன்ன வந்தவ. நான்தான் வெட்டல்ல.”

அவன் சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்தான். ஒற்றைகளைப் புரட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, பேனாவால் ஒரு கோடு இழுத்தான். அந்தக் கோட்டின் சத்தம் எனக்குக் கேட்டது. “தூ” என்று என் காலடியில் துப்பிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனான்.

புஸ்பம் இன்னும் ஏசிக்கொண்டிருந்தாள். தொண்டை அடைக்க அடைக்க ஏசினாள். எனக்குப் பிறந்த நாளிலிருந்து ஒருவரும் அப்படி நன்றி சொன்னதில்லை. தாளின் ஒரு மூலை கிளம்பியிருந்தது. அதை அமத்தி ஒட்டிவிட்டு, பசை வாளியை எடுத்துக்கொண்டு சனத்துக்கு நடுவால் வெளியே வந்தேன்.